நாலு டன் தேங்காய்

தைப்பூச ரதம் வருவதற்குள், அதன் முன்னால் உடைக்க வேண்டிய தேங்காய்களைத் தன் பந்தலில் கொண்டுபோய்க் குவித்துவிட வேண்டும் என்று குகன் பறந்தான். டத்தோ கிராமாட் சாலையில் போட்டிப் பந்தல்காரன் யுகேந்திரன் அவனுடைய பிக்அப்பை மறித்தான்.

"ஒன் வண்டி மூணு டன்தான் இழுக்கும். டிரெய்லர்ல நாலு டன் ஏத்தியிருக்க. கொக்கி வளைஞ்சி கெடக்கு, எறங்கிப் பாரு."

"நீ என்ன போலீஸா? என் குவியல் ஒன்னோடத விடப் பெருசாயிரும்னு ஒனக்கு வயித்தெரிச்சல். தள்ளு லா."

குகன் ஆத்திரத்தோடு ஆக்சிலரேட்டரை மிதித்தான். பத்தடி போவதற்குள் கொக்கி முறிந்தது. டிரெய்லர் கவிழ்ந்து, தேங்காய்கள் அத்தனையும் யுகேந்திரனின் பந்தலுக்கு முன்னால் உருண்டு நிறைந்தன. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

"சொன்னேன்ல," என்றான் யுகேந்திரன்.

போக்குவரத்துப் போலீஸ்காரர் அபராதம் எழுதும் சம்மன் புத்தகத்தோடு வந்தார். "இவ்வளவு பாரத்த ஏத்துனது யாரு?"

குகன் மெதுவாகக் கூட்டத்துக்குள் நழுவினான்.

அப்போது ஒலிபெருக்கி முழங்கியது. "பக்தர்களே, யுகேந்திரன் பந்தலைப் பாருங்க. இந்த வருஷம் இவ்வளவு தேங்காய் வேற யாரும் போடல."

கூட்டம் கைதட்டியது. யுகேந்திரன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தான்.

"ஏத்துனது நான்தான் சார். சம்மன என் பேர்ல எழுதுங்க."

போலீஸ்காரர் பேனாவைத் திறந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்த குகன் அவர் கையைப் பிடித்தான்.

"பொய் சொல்றான் சார். நாலு டன்னும் என்னோடது. சம்மன் எனக்குத்தான்."