நல்ல சேட்டைக்காரனாப் பாரு

"இன்னிக்கே இவனைக் கூடையில போட்டு எடுத்துட்டுப் போயிடு, நர்ஸம்மா. இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இந்தத் திருடன் இருக்கணும்!"

அத்தான் சோபா மெத்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் பார்த்துக்கொண்டே சொன்னார். திருடன் அவள் மடியில் மல்லாந்து படுத்து, கைக்கடிகாரத்தின் வாரைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அவள் கால்நடை மருத்துவமனையில் உதவியாளர். நர்ஸம்மா என்பது அத்தான் வைத்த பெயர். அந்த நாய்க்குட்டியை அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டவள் அவள்தான் என்பதால் புகார்களும் அவளிடமே வந்து சேரும்.

"இப்ப என்னத்தைக் காணோம் அத்தான்?"

"டேப்! அது இல்லாம அளவெடுக்கப் போற வீட்டுல நான் என்ன, முழம் போடவா?"

அத்தான் சமையலறைகளுக்கு அலமாரி செய்து பொருத்துபவர். ஒரு தடவை அளந்துவிட்டால் போதும், பல வருடம் கழித்துக் கேட்டாலும் அந்தச் சுவரின் நீளத்தை அங்குல சுத்தமாகச் சொல்வார் என்று கடையில் பேர்.

"போன வாரம் மூக்குக் கண்ணாடி. அதுக்கு முன்னாடி வாசக் கதவுச் சாவி. எல்லாம் இவன் படுக்கைக்கு அடியிலதான் கிடைச்சுது. எதுலயும் ஒரு கீறல் இல்ல, தெரியுமா? செருப்பைக் குதறிப் போடுவான். என் கண்ணாடியை மட்டும் பூ மாதிரி எடுத்துட்டுப் போய் வைப்பான். படிச்ச திருடன்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மனுஷன் சொல்வதில் நியாயம் இருந்தது. குட்டி வந்ததிலிருந்து இந்த வீடு வீடாக இல்லை. மேஜையின் ஒரு கால் இளைத்துப் போயிருந்தது. தரையில் விரித்த செய்தித்தாளை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்திலேயே ஈரம் செய்வான். தனியாக விட்டால் தெருவுக்கே கேட்கும்படி ஊளை. அக்காவின் முன்கை முழுக்கப் பல் தடம்.

அந்த அக்காதான், நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய் நடக்கிறவள், ஒருநாள் போன் செய்து குட்டி கேட்டாள். எங்கேயோ தெருவில் நின்று பேசினாள். ஒரே வண்டிச் சத்தம். "சாதுவா வேண்டாம். நல்ல சேட்டைக்காரனாப் பாரு. சீக்கிரம் வேணும்" என்றாள். பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போய்விட்டதால் வீடு வெறிச்சென்று இருக்கிறது போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அவனைக் கொண்டுபோற பேச்சை விடுங்க. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"நீ பாத்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே! பெத்த பிள்ளைங்களுக்குக்கூட இவ்வளவு செல்லம் குடுக்கல நீ."

சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"கிடைச்சிருச்சுங்க!" அக்கா டேப்போடு வந்தாள். "அதே இடம். இவன் படுக்கைக்கு அடியில."

அத்தான் கத்தப் போகிறார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அவர் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அப்பாடா! நானே எங்கயாவது வச்சுட்டு மறந்துட்டேனோன்னு ஒரு நிமிஷம் ஆடிப் போயிட்டேன்." உடனே குரல் பழையபடி ஏறியது. "இந்தா நர்ஸம்மா, நீயே கையில வாங்கிப் பாரு. இவன் வேலையா, இல்லையா? உன் வாயால சொல்லு."

அவள் வாங்கினாள். பல் பட்ட தடம் எதுவும் இல்லை. ஆனால் டேப்பின் எஃகு உறை ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது. ஓரத்தில் பொடிப்பொடியாக நீர் கோத்திருந்தது. குட்டியின் படுக்கையோ அடுப்புக்குப் பக்கத்தில் கிடக்கும் கம்பளி.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அத்தானுக்குப் பின்னால் நின்றிருந்த அக்கா, சொல்லாதே என்பதுபோல் லேசாகத் தலையை அசைத்தாள்.

"இவன் வேலைதான் அத்தான்" என்றாள் அவள், டேப்பைச் சட்டையில் அழுத்தித் துடைத்தபடி. "ஆனா பல்லு முளைக்கிற நேரத்துல இடம் மாத்தினா குட்டி ஏங்கிப் போயிடும். இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும்."

"எப்ப திருந்துவான்?"

"இந்தப் புத்தி அவ்வளவு சீக்கிரம் போகாது."

"சரி, இருந்து தொலையட்டும்." பொருள் கிடைத்துவிட்டதில் அவர் கோபம் வடிந்திருந்தது. குட்டியின் காதைச் செல்லமாகத் திருகி, "வர்றேன்டா, திருடா" என்று கிளம்பினார்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டபிறகு அக்கா சமையலறைக்குள் போனாள். அவளும் பின்னாலேயே போனாள். அக்கா குளிர்பதனப் பெட்டியைத் திறந்தாள். முட்டைகளுக்கு நடுவே அத்தானின் பென்சில் கிடந்தது. அக்கா அதை எடுத்துத் துடைத்து, குட்டியின் கம்பளிக்கு அடியில் செருகினாள்.

"எத்தனை நாளாக்கா இப்படி?"

"அவருக்கே தெரிஞ்சுபோற நாள் ஒண்ணு வரத்தான் போகுது. அதுவரைக்கும் இந்த வீட்டுல யாராவது திருடணும்ல?" அக்கா குனிந்து, பல் தடம் விழுந்த கையால் குட்டியைத் தூக்கிக்கொண்டாள். "அவரோட தலை ஸ்கேனைப் பாத்து டாக்டர் சொன்னதைக் கேட்டுட்டு, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுதான் உனக்குப் போன் பண்ணி குட்டி கேட்டேன்."