முன்னாடி இருந்தவர்

"எந்த மடையன் செஞ்ச வேலை இது?"

கேட்டவள் மாரித். பழைய வீடுகளின் ஒயரிங்கைச் சோதித்துப் புதுப்பித்துத் தருபவள். ஏணி மேல் நின்றிருந்தாள்.

கீழே ஏணியைப் பிடித்திருந்த வீட்டுக்காரர் எய்லிஃப், "இந்த வீட்ல முன்னாடி இருந்தவர்" என்றார்.

அதன்பின் எல்லாம் சுலபமாகிவிட்டது. குளியலறையில் எர்த் இல்லாத பிளக்கா? முன்னாடி இருந்தவர். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஆணியா? அவரேதான். ஒயர் இணைப்பில், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

"ஆளு கொஞ்சம் சிக்கனம்னு கேள்வி" என்றார் எய்லிஃப்.

மாரித் திட்டத் திட்ட, அவரும் கூடவே திட்டினார். வெளியே பெர்கன் நகரத்தின் வழக்கமான மழை. அந்த ஆளைத் திட்டுவது சுகமாகத்தான் இருந்தது.

கடைசியாகப் படுக்கையறை. மாரித் கட்டிலை நகர்த்தி, தலைமாட்டுச் சுவரின் பலகையைக் கழற்றினாள்.

உள்ளே ஒயரைச் சுற்றி மரம் கருகிக் கிடந்தது.

இந்த முறை அவள் திட்டவில்லை.

"இந்தப் பக்கம் யாரு படுக்கிறது?"

"என் சம்சாரம்."

எய்லிஃப் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

காப்பித் தட்டோடு வந்த அவர் மனைவி குட்ருன், வாசலிலேயே நின்று அந்தக் கருகலைப் பார்த்தாள்.

"முன்னாடி இருந்தவரை உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று மாரித் கேட்டாள்.

குட்ருன் கணவரைப் பார்த்தாள். அவர் காப்பியைப் பார்த்தார்.

"தெரியாம என்ன? கட்டிக்கிட்டவளே நான்தானே. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'எனக்குத் தெரியாததா?'ம்பாரு."

மாரித்தின் முகம் மாறியது. "ஐயோ, மன்னிச்சுக்கங்கம்மா. போய்ச் சேர்ந்தவரைப் போய் மடையன்னுட்டேனே."

"அதனால என்ன, மடையன்தான்."

"இவராவது எங்களைக் கூப்பிடணும்னு நினைச்சாரே" என்று மாரித் எய்லிஃபைக் காட்டினாள்.

"கூப்பிட்டது நான்."

குட்ருன் தட்டை வைத்துவிட்டு, ஒரு கோப்பையை அவர் கையில் கொடுத்துப் போனாள்.

அந்த வீட்டைக் கட்டியதே எய்லிஃப்தான். அவருக்கு முன்னால் அங்கே இருந்தவை பைன் மரங்கள் மட்டும்.

அவர் கருகிய மரத்தைத் தொட்டார். விரலில் கரி ஒட்டியது.

போய்ச் சேர்ந்த அந்த ஆளை அவராலும் மன்னிக்க முடியவில்லை.