கவர் பிரிக்காத ஜாக்கெட்

மம்சாபுரம் கண்மாயின் நடுவே தெர்மாகோல் மிதவையில் உட்கார்ந்து விஜயபாண்டி வலை இழுக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் ஆறு வயது மகள் தன்ஷிகா, மிதவையைக் கட்டிய கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். அவளுக்கென்று அத்தை காளீஸ்வரி வாங்கி வந்த ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட், பாலிதீன் கவர்கூடப் பிரிக்காமல் காளீஸ்வரியின் கையிலேயே இருக்கிறது. "புதுசுல்லா, சகதியாயிரும். போட்டோ எடுக்கையில போட்டுக்கிடட்டும்" என்று சிரித்தபடி அவளிடமே கொடுத்துவிட்டுப் போனான் அண்ணன் விஜயபாண்டி. இப்போது மலைப் பக்கம் கறுத்துவிட்டது. அங்கிருந்து வரும் காற்று தண்ணீரைச் சுருட்டுகிறது. மிதவை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு திரும்புகிறது. "எண்ணே, போதும் வாண்ணே! புள்ளையக் கொண்டாண்ணே!" காற்று காளீஸ்வரியின் குரலை அவள் வாய்க்கே திருப்பித் தள்ளுகிறது. முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள். அதற்கு மேல் போகத் தெரியாது. "பொட்டப்புள்ளைக்கு என்னத்துக்குட்டி நீச்சல்?" என்று கிணற்றுப் பக்கமே விடாமல் விரட்டிய வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. கவரைப் பல்லால் கிழித்து, ஜாக்கெட்டைத் தலைக்கு மேல் சுழற்றுகிறாள். அண்ணன் திரும்பவில்லை. தன்ஷிகா பார்த்துவிடுகிறாள். அத்தை விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்து, கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கி ஆட்டுகிறாள்.