அத்தான் வீட்டுப் பள்ளம்

“எழுதி வச்சுக்க மச்சான், இந்தப் பள்ளத்த அரசாங்கந்தான் மூடும்!”

வாசலுக்கு நேர் எதிரே வாயைப் பிளந்து கிடந்த பள்ளத்தின் ஓரமாக ஸ்கூட்டரை உருட்டி, ஒரு காலை ஊன்றி, மறுகாலைத் தூக்கிச் சமாளித்தபடி அத்தான் சொன்னார்.

“உங்க அரசாங்கம் வர்றதுக்குள்ள இதுல மீன் வளர்த்து வித்துடலாம். எங்க கம்பெனிகிட்ட விடுங்க. பொழுது சாயறதுக்குள்ள மூடிக் காட்டுறேன்.”

“மூடுவ. அப்புறம் நான் என் வீட்டுக்குள்ள நுழையறதுக்கு உனக்குக் கட்டணம் கட்டணும். போடா டோல்கேட்!”

தனியார் சாலைக் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கும் மச்சினனுக்கு அவர் வைத்த பெயர் அது. தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. அத்தானோ தபால் ஆபீஸில் தலை நரைத்தவர். அரசாங்கத்தை ஒரு வார்த்தை குறை சொன்னால், பெற்ற தாயைச் சொன்னது போலப் பொங்குவார். அன்று சாயங்காலம் இருவரும் சிரித்தபடிதான் பிரிந்தார்கள்.

மறுநாள் காலையில் அத்தான் எழுந்திருக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் அதற்குள் விழுந்து, எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு அழுதார். டோல்கேட்டுக்குப் பொறுக்கவில்லை. கூட்டம் ஓய்ந்ததும் ஒரு வண்டி ஜல்லியோடு வந்து இறங்கினான். அக்கா துடைப்பத்தோடு குறுக்கே வந்து நின்றாள்.

“தொட்டேன்னா கைய ஒடிப்பேன்.”

“அக்கா, நீ விழுந்து வைக்கப் போற.”

“விழுந்தா என் இடுப்புதானே ஒடியும்? அரசாங்கந்தான் மூடும்னு சொல்லிட்டுப் போனாரு மனுஷன். இப்ப நீ மூடுனா அவரு தோத்துட்டாருன்னு ஆகும். போய்ச் சேந்தவரத் தோக்கடிக்கப் பாக்கறியா?”

“அரசாங்கம் வரலேன்னா?”

“கெடக்கட்டும்.”

“வரவே வரலேன்னா?”

“கெடக்கட்டுங்கறேன்ல?”

அக்காவின் பிடிவாதத்துக்கு அத்தானே பயப்படுவார். அடுத்த வாரம் அவளே பள்ளத்தில் கால் தவறி, கணுக்கால் வீங்கி நொண்டினாள். அப்போதும் பள்ளத்துக்குத்தான் பரிந்து பேசினாள்.

“நான்தான் பாக்காம வந்தேன். அது பாவம், அது எடத்துலதானே கெடக்கு!”

இனி விட்டால் அக்கா காலை முறித்துக்கொள்வாள் என்று டோல்கேட் தன் மேஸ்திரியைத் தனியே கூப்பிட்டான்.

“எங்க அக்காவுக்கு முகம் தெரியாத ஆளுங்களாப் பாரு. எனக்கே தெரியாதவங்களா இருந்தா இன்னும் நல்லது. நகராட்சி ஆளுங்க மாதிரி சட்டை, தொப்பி எல்லாம் மாட்டிவிடு. வியாழக்கிழமை காலையில வந்து பள்ளத்த மூடிட்டுப் போயிடணும். நம்ம கம்பெனி பேரு எங்கயும் தெரியக் கூடாது.”

“வேலைய நாம செஞ்சுட்டு, பேர அரசாங்கத்துக்குக் குடுக்கறதா? ஊரு உலகத்துல இல்லாத அதிசயமா இருக்கே ஐயா!”

“சொன்னதச் செய்யி.”

வியாழக்கிழமை காலையில் லாரி வந்தது, ரோலர் வந்தது. டோல்கேட்டுக்கு ஏகத் திருப்தி. சட்டைகளில் பழைய தார்க்கறை, பித்தான் போன இடத்தில் ஊக்கு. மேஸ்திரி அசல் சரக்கைத்தான் பிடித்திருக்கிறான்! ஒரே ஒரு குறை, வேலை மளமளவென்று நடந்தது. மேற்பார்வையாளர் வேடத்தில் நின்ற பெரியவரின் காதருகே குனிந்தான்.

“கொஞ்சம் மெதுவா பண்ணச் சொல்லுய்யா. இந்த வேகத்துல பண்ணுனா அரசாங்க ஆளுன்னு யாரு நம்புவா? ரெண்டு பேர நிழல்ல படுக்கச் சொல்லு.”

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க யாரு சார்?”

“அப்படித்தான்! அப்படியே கேளு!” என்று கண்ணடித்தான்.

அக்கா நொண்டிக்கொண்டே வெளியே வந்தாள். பெரியவர் அவளிடம் கேட்டார்:

“சார் இல்லீங்களாம்மா? வாராவாரம் ஆபீசுக்கு வந்து, ‘என் மச்சான் முன்னாடி மானத்த வாங்காதீங்கய்யா’ன்னு சத்தம் போடுவாரு. கொஞ்ச நாளா ஆளையே காணோமேன்னு பாத்தேன்.”

அடேயப்பா, வசனம் வேறயா! மேஸ்திரிக்கு இவ்வளவு கற்பனையா என்று டோல்கேட் அசந்து போனான்.

அக்கா விஷயத்தைச் சொன்னாள். பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். டோல்கேட் அவர் முழங்கையைக் கிள்ளினான்.

“போதும்யா. அளவா நடி.”

ரோலர் போன பிறகு அக்கா புதுத் தாரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் போன பிறகு முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

“பாத்தியாடா? ஜெயிச்சுட்டாரு!”

“ஆமாக்கா. நான் தோத்துட்டேன்” என்று தாராளமாகத் தோற்றுக் கொடுத்தான் டோல்கேட்.

உள்ளே போய் மேஸ்திரிக்குப் போன் போட்டான். “பிரமாதம்யா! அந்தப் பெரியவர எங்கய்யா புடிச்ச?”

“எந்தப் பெரியவருங்க? மன்னிச்சுக்குங்க ஐயா, நம்ம ஆளுங்க இன்னும் வந்து சேரல. நம்ம கம்பெனி ரோட்டுலதான்... லாரி பள்ளத்துல எறங்கி, அச்சு முறிஞ்சு நிக்குது.”

டோல்கேட் போனை வைத்தான். ஜன்னல் வழியாக நகராட்சி போட்ட புதுத் தாரைப் பார்த்தான்.

“ஒரு மழை பெய்யட்டும் அத்தான், அப்புறம் பேசிக்கலாம்” என்றான், எப்போதும் பேசும் அதே சத்தத்தில்.