மதகின் எதிர்ப்பக்கம்

நம் தீவின் பாம்ப்ளமூஸ் ஊருக்கு மேலே, கண்ணுகளா, வெள்ளத்தைத் தடுக்க ஒரு சின்னச் சிமெண்டு அணை இருந்தது. மதகைத் தூக்கும் சக்கரத்தை எதிரெதிரே நின்று இரண்டு பேர் சுற்ற வேண்டும். மருதையும் அல்பேரும்தான் சுற்றுவார்கள். தைப்பூசக் காவடிக்கு மருதை கறிமீன் விட்டு விரதமிருந்தால் அல்பேருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"இலை தின்னுற கைக்கு என்ன பலம், மோ ஃப்ரேர், என் சகோதரா? நீ சும்மா பிடிச்சுக்கோ. நான் சுத்துறேன்."

பெரிய சூறாவளி அடித்த வருஷம் அல்பேர் காய்ச்சலில் இறந்துபோனான். அடுத்த காவடி விரதத்தில் பெருமழை பிடித்தது. மதகு திறக்காவிட்டால் கீழே உள்ள வீடுகளோடு மருதையின் வீடும் போய்விடும். மருதை தனியாக அணைக்கு ஓடினான். அவன் மனைவி அலமேலு கைகொடுக்கப் பின்னால் ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மதகு முழுக்கத் திறந்திருந்தது.

"விரத உடம்போட தனியாவா சுத்தினீங்க?"

"நீதானே எதிர்ப்பக்கம் நின்னே? மழையில முகம் தெரியல. நான் சும்மாதான் பிடிச்சிருந்தேன்."

"நான் இப்பத்தானே வர்றேன்."

இருவரும் எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தார்கள். கொட்டுகிற மழையில், இரண்டு பாதங்களின் அளவுக்கு மட்டும் சிமெண்டு காய்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் மெல்ல நனைந்தது.