ரத்தமா, சாப்பாடா?

மகள் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே சண்டைதான்.

“அவ உடம்புல ஓடுறது என் ரத்தம். காலேஜ்ல நான்தான் நூறு மீட்டர் சாம்பியன்!” என்று அப்பா மார்தட்டுவார்.

“வெறும் ரத்தம் ஓடிக் கிழிச்சிடுமா? முட்டை, முளைகட்டின பயறு, வாழைப்பழம்னு தினமும் டப்பாவுல கட்டிக் குடுக்கிறேனே, அதுதான் ஓடுது” என்பாள் அம்மா.

இறுதிப் போட்டியில் மகள் கடைசியாக வந்தாள். அப்பாவின் முகம் தொங்கிப்போனது. வாய் மட்டும் ஓயவில்லை.

“என் ரத்தத்தையே கெடுத்துட்டியே! உன் பயறு பல்லிளிச்சிடுச்சு, பாரு.”



அந்த நேரம் பார்த்து, முதலில் வந்த பெண் கழுத்தில் மெடலோடு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மகளின் பெஞ்சுத் தோழி.

“தேங்க்ஸ் ஆன்ட்டி! ரெண்டு வருஷமா உங்க டப்பாவைக் காலி பண்றது நான்தான். அவளுக்கு என்னோட சிப்ஸ் பாக்கெட்தான் பிடிக்கும்.”

மகள் நைசாக அப்பாவின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினாள்.

அம்மா புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு, நிதானமாகத் திரும்பினாள்.

“பார்த்தீங்களா? என் சாப்பாடு முதல்ல வந்திருக்கு. கடைசியா வந்தது உங்க ரத்தம் மட்டும்தான்!”