பதினேழு குழி

"இங்க ஸ்லாப் இல்ல சார், இடது பக்கமா வாங்க," என்றபடி பூக்கடை பிரேமலா முன்னால் விறுவிறுவென்று நடந்தாள்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துப் பழைய கடைத்தெரு அது. நடைபாதையைப் பார்வையிட வந்திருந்த நகராண்மைக் கழக அதிகாரி சுகுமாறன், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் குனிந்த தலை நிமிராமல் பின்தொடர்ந்தார். அவள் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு குழியையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார். அவள் கால் ஓரிடத்திலும் இடறவில்லை.

தெருக்கோடியில் நின்று, "எல்லாத்தையும் எடுத்தாச்சும்மா," என்றார்.

"இல்ல சார். குழி பதினேழு. கிளிக் சத்தம் பதினஞ்சுதான் கேட்டுச்சு."

சத்தத்தையா எண்ணினாள்? அப்போதுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்குக் கண் தெரியவில்லை.

"எப்படிம்மா இவ்வளவு துல்லியமா..."

"எல்லாத்துலயும் ஒரு தடவ விழுந்திருக்கேன் சார். வாங்க, விட்ட ரெண்டையும் காட்டுறேன்."